மொட்டு மாலை

ஆண்டிக்கோட்டைப் பூ மார்க்கெட்டில், தவசி கமிஷன் கடைத் தராசுத் தட்டில் குவிந்து கிடந்த மல்லிகை மொட்டுகள், தை மாதத்து விடிகாலைக் குளிரில், ஒருத்தி குனிந்து நிமிர்வதற்குள் மொத்தமாக விரிந்துபோன கதையை அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் அதிசயம் என்று சொல்ல மாட்டார்கள், நஷ்டம் என்றுதான் சொல்வார்கள். பூ வியாபாரத்தில் மொட்டுக்குத்தான் மதிப்பு. வாங்குகிறவர் வீட்டுக்குப் போய், தலையில் ஏறி, சாயங்காலம் ஆனபிறகுதான் பூ விரிய வேண்டும். தட்டிலேயே விரிந்துவிட்ட பூவை ஆடுகூட யோசித்துவிட்டுத்தான் தின்னும். அதுவும் தைப் பனியில் மல்லி வரத்தே இல்லாமல் விலை எங்கேயோ ஏறி நின்ற நேரம். கடைக்காரர் தவசி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குனிந்து நிமிர்ந்தவள் பஞ்சவர்ணம். கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவள். அவள் விரல்கள் நாரில் முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டவர்கள் அநேகம் பேர். அன்றைக்கு அவளுக்கு நடந்தது இவ்வளவுதான்: அடிவயிற்றுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி ஒரு சூடு கிளம்பி, இடுப்பில் ஏறி, முதுகில் ஏறி, கழுத்தைச் சுற்றி வளைத்து, காது மடலைப் பிடித்துக்கொண்டு, உச்சந்தலையில் போய் நின்றது. அது அவளுக்குப் புதிதல்ல. போன மாசி மகத்தோடு அவளுக்கு மாத விலக்கு நின்றுபோயிருந்தது, சூடு அதற்கும் முன்னாலேயே வர ஆரம்பித்திருந்தது. ஆனால் அவள் எவரிடமும் மூச்சு விடவில்லை. முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கேட்டவர்களிடம் பூவுக்குத் தெளித்த தண்ணீர் என்றாள். பாயை விட்டு வெறும் சிமெண்டுத் தரையில் போய்ப் படுத்தாள். அவள் புருஷன் சௌந்தரபாண்டி, மினிவேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன், தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு தினமும் ஒரு பொட்டலம் அல்வா வாங்கி வந்து தலைமாட்டில் வைத்தார். அரிசி விளம்பரத்தைப் பார்த்துக்கூட அவள் அழுதாள். அல்வாவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

மறைத்து வைத்ததை எல்லாம் மல்லிகை போட்டு உடைத்துவிட்டது. முதல்முறை மருந்தடித்த கோளாறு என்றார்கள், அடுத்தமுறை சாக்குக் கோளாறு என்றார்கள், அதற்கும் அடுத்தமுறை அவளுக்குச் சூடு ஏறின அதே நிமிஷத்தில் அந்த வரிசைக் கடைகள் எல்லாவற்றிலும் மல்லியும் பிச்சியும் வாயைப் பிளந்ததும், இது பஞ்சவர்ணம் என்று தெரிந்துபோயிற்று. தெரிந்தபிறகு மார்க்கெட் அதற்கேற்றபடி தன்னை மாற்றி வைத்துக்கொண்டது. அவள் மார்க்கெட் வாசலில் தலை காட்டியதும், தள்ளுவண்டிக்கு வழிவிடுகிற மாதிரி ஆளாளுக்கு ஈரச்சாக்கை எடுத்துத் தங்கள் மொட்டுக் குவியல்மேல் போட்டார்கள். டீக்கடைக்காரர் அவளுக்கு மட்டும் டீக்குப் பதிலாக மோர் தந்தார். போட்டோ பிடிக்கிறவர் ஒருவர், தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் சடையில் பூ விரிந்தால் படம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு, அவளை ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போய் முன்வரிசையில் உட்காரவைத்தார். சூடு என்ன அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரா, திறந்தால் வர? தாலி கட்டி முடித்து, பந்தியில் பாயாசம் பரிமாறும்போது வந்தது. பெண், மாப்பிள்ளை, சம்பந்திகள், சமையல்காரரின் மனைவி என்று பூ வைத்திருந்த அத்தனை பேர் தலையிலும் மலர்ந்தது. பாயாசம் அன்றைக்கு மணத்த மாதிரி எந்தக் கல்யாணத்திலும் மணக்கவில்லை என்று பேச்சு.

தவசி மட்டும் சிரிக்கவில்லை. அவளை மல்லியிலிருந்து கிளப்பி, கோழிக்கொண்டையும் அரளியும் கட்டுகிற மூலையில் உட்காரவைத்துவிட்டார். கோழிக்கொண்டை எந்தச் சூட்டுக்கும் அசையாத பூ. பஞ்சவர்ணம் அந்த மூலையில் உட்கார்ந்து, வாழ்நாளெல்லாம் கேட்ட ஒரு வார்த்தையை மறுபடியும் நினைத்துக்கொண்டாள்: தள்ளி உட்காரு. வயசுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் அந்த மூன்று நாளும் சாமிப் பூவைத் தொடக்கூடாது என்று அவளை வீட்டில் திண்ணைப் பக்கமும் மார்க்கெட்டில் டீக்கடைப் பக்கமும் தள்ளி உட்காரவைத்தார்கள். வந்ததற்கும் தள்ளி உட்காரு, நின்றதற்கும் தள்ளி உட்காரு என்றால் ஒரு மனுஷி எங்கேதான் உட்காருவது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் வந்ததும் சூடு வந்தது. கோழிக்கொண்டை அசையவில்லை.

அவளுடைய ஆத்திரத்துக்கு அடியில் ஓர் ஆசை இருந்தது. ஆண்டிக்கோட்டையில் நாச்சியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவின் கடைசி நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், அம்மனுக்கு மொட்டு மாலை சாத்துவார்கள். தோளிலிருந்து பாதம் வரை தொங்குகிற மாலை, அத்தனையும் மூடிய மல்லி மொட்டு. சாத்தும்போது ஒரு மொட்டுகூட விரிந்திருக்கக்கூடாது. சாத்தியபிறகு அம்மன் தோளில், ஊர் பார்க்க, மெல்ல மெல்ல விரிய வேண்டும். அந்த மணத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் சனம் வீட்டுக்குப் போகும். மாலையைக் கட்டுகிறவள் மாத விலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பெண்ணாக இருக்க வேண்டும், அதைக் கொடியேற்றத்தன்று ஊர் நடுவில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். கட்டினவளே கருவறை வாசல்வரை போய்த் தன் கையால் மாலையை நீட்டலாம். பஞ்சவர்ணம் சிறுமியாக இருந்தபோது இருளாயி என்கிற பெண் அப்படி நீட்டியதைப் பார்த்திருக்கிறாள். தள்ளி உட்கார்ந்த நாட்களில் எல்லாம், ஒரு நாள் நானும் நீட்டுவேன் என்று நினைத்துத்தான் அவள் மனசை ஆற்றிக்கொண்டாள்.

இருளாயிக்குப் பிறகு எவளும் முன்னால் வந்து சொல்லவில்லை. ஊரில் அந்த வயதுப் பெண்கள் இல்லாமலா போனார்கள்? மார்க்கெட் நிறைய இருந்தார்கள். ஆனால் நின்றுபோச்சு என்று சொன்னால் கிழவி என்பார்கள், புருஷன் ஒரு மாதிரி பார்ப்பான், மருமகள் சாவிக்கொத்தைக் கேட்பாள் என்று ஒவ்வொருத்தியும் வாயை இறுக மூடிக்கொண்டாள். சிலர் மூன்று நாள் தள்ளி உட்காருகிற நடிப்பைக்கூட விடவில்லை. கோயில்காரர்கள் வெளியூரிலிருந்து குண்டூசி குத்திய மாலை வாங்கிவந்து சாத்தினார்கள். அந்த மாலைகள் விரியவே இல்லை, மொட்டாகவே பழுத்து உதிர்ந்தன.

மார்க்கெட்டில் பஞ்சவர்ணத்துக்குப் பக்கத்துப் பலகைக்காரி ஒச்சம்மாள், வாய்த்துடுக்குக்குப் பேர் போனவள், ஒரு நாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் மெஹருன்னிசாவுக்கும் அதே வயதுதான், மேஜைமேல் சின்ன மின்விசிறி ஒன்று அவர் முகத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ரத்தம் எடுத்தார், தைராய்டும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார், தூக்கத்தைப் பற்றி, மூட்டு வலியைப் பற்றி, காரணமில்லாத அழுகையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது பஞ்சவர்ணத்துக்குச் சூடு வந்து, நர்ஸின் கொண்டைப் பூ விரிந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்து, எழுதுவதைத் தொடர்ந்தார்.

"இது நோய் இல்லம்மா," என்றார். "ஆனா கஷ்டம் இல்லைன்னு நான் சொல்லலை. கேப்பை சாப்பிடுங்க, எள்ளு சாப்பிடுங்க, காலையில நடங்க. ரொம்ப முடியலைன்னா மருந்து இருக்கு, வந்து கேளுங்க. நின்ன பிறகு மறுபடி ரத்தம் பட்டா அன்னைக்கே வரணும். அப்புறம், சூடு வரும்போது அடக்காதீங்க. வருதுன்னு வாய்விட்டுச் சொல்லிருங்க."

யாரிடம் சொல்வது என்று பஞ்சவர்ணம் கேட்டாள். இருக்கிறவர்களிடம் என்றார் டாக்டர்.

அன்றைக்கு வீட்டில் அவள் முதலில் சௌந்தரபாண்டியிடம் சொன்னாள். அவர் அல்வாப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, அப்படியானால் கோபமில்லையா என்று கேட்டார். கோபமில்லை என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அல்வா நின்று எள்ளுருண்டை வந்தது. கூடவே சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட ஒரு டேபிள் ஃபேனைச் சரிசெய்து அவள் படுக்கிற பக்கம் வைத்தார்.

கொடியேற்றத்தன்று ஊர் கூடியிருந்தது. பூசாரி கோட்டைச்சாமி வழக்கப்படி, சொல்லுகிறவர் யாராவது உண்டா என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டுத் திரும்பப் போனார். பஞ்சவர்ணம் கொடிமரத்தடியில் போய் நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு நின்னு ஒரு வருசம் தாண்டிருச்சு. மாலை நான் கட்டுறேன்."

கூட்டத்தில் பூ வைத்திருந்த பெண்கள் தலையிலெல்லாம் மொட்டு விரிந்தது. கோயில் கமிட்டித் தலைவர் தவசிதான். அவர் எழுந்து, கொடிமரத்தடியிலேயே இந்தக் கதி என்றால் மாலை என்ன கதியாகும், மொட்டு மாலை என்று பேர் வைத்துக்கொண்டு பூ மாலையா சாத்துவது என்று கேட்டார். பூசாரி யோசித்துவிட்டு, வழக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்றிருக்கிறது, வாயால் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது, சூட்டைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பஞ்சவர்ணம் கட்டட்டும், ஆனால் கருவறை வாசலுக்கு வருமுன் ஒரே ஒரு மொட்டு விரிந்தாலும், அந்த வருஷத்தோடு பெண்கள் மாலை கட்டுகிற வழக்கம் முடிந்தது, இனி என்றைக்கும் வெளியூர் மாலைதான். அதற்கும் சரி என்று பஞ்சவர்ணம் சொல்லிவிட்டாள். தன் ஆசைக்காக இனி வரப்போகிற அத்தனை பெண்களின் பங்கையும் பணயம் வைத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

கடைசி நாளும் வந்தது. மார்க்கெட்டுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் ஏற்பாடு செய்தார்கள். பூவை வெளியூருக்கு அனுப்பும்போது என்ன செய்வார்களோ அதையே அவளுக்கும் செய்தார்கள். கோயில் மண்டபத்தில் ஐஸ் கட்டிகளை அடுக்கி நடுவில் அவளை உட்காரவைத்து, சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டி, தலையில் ஒரு ஈரத்துண்டு போட்டு, ஒருவரும் பேசக்கூடாது, அவளுக்கு ஆத்திரமோ சிரிப்போ வரக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அந்த மௌனத்தில் உட்கார்ந்து பஞ்சவர்ணம் பல் கிட்டக் கிட்ட முடிச்சுப் போட்டாள். வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்று நினைக்க நினைக்க, ஐஸுக்கு நடுவிலேயே அடிவயிற்றில் அடுப்பு பற்றிக்கொண்டது. பாதி மாலையும் மிச்சமிருந்த மொட்டும் மொத்தமாக விரிந்தன. மண்டபத்து மணம் தெருவுக்குப் போய் எல்லோருக்கும் செய்தியைச் சொல்லிவிட்டது.

கதவைத் திறந்தபோது அவள் பூக்குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நல்லவேளையாக விரிந்தது கட்டி முடியாத மாலை. முடிந்த மாலைக்குத்தான் கட்டுப்பாடு என்று பூசாரி வாதாடி நேரம் வாங்கினார். ஆனால் பொழுது உச்சி தாண்டியிருந்தது, மார்க்கெட்டில் மொட்டு கிடையாது. இருந்தது ஒரே ஒரு சாக்கு, தவசி கடையில், வேறோர் ஆர்டருக்காக ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. தவசி வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சாக்கு தானாக நடந்து வந்தது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்தவள் தவசியின் மனைவி ரெத்தினம். கடைப் பக்கமே அதிகம் வராதவள், நாலு பேர் நடுவில் குரல் எழுப்பாதவள். சாக்கை மண்டபத்தில் இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.

"எனக்கும் நின்னு வருசமாச்சு," என்றாள். "ராத்திரியெல்லாம் மோட்டார் ரூம்ல போய் உக்காந்திருப்பேன், அங்கதான் தண்ணி சத்தம் குளுமையா இருக்கும். இவருகிட்டக்கூடச் சொன்னதில்ல. நானும் கட்டுறேன் பஞ்சவர்ணம், கொஞ்சம் தள்ளி எடம் குடு."

தவசி அங்கேயேதான் நின்றார். தூக்கத்தில் கை துழாவி ஆளைக் காணாமல் மறுபடி தூங்கிப்போன எத்தனையோ நேரங்கள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். போய்த் தூண் பக்கம் உட்கார்ந்தார்.

அடுத்து ஒச்சம்மாள் சொன்னாள், எனக்கும்தான், எல்லார் வாயையும் கிழிக்கிறவள் இதை மட்டும் முழுங்கிவிட்டேன் என்று. பிறகு சம்பங்கிக் கடைக்காரி சொன்னாள், பிறகு சத்துணவு டீச்சர் சொன்னார், பிறகு கணக்கு வைக்க முடியவில்லை. வழக்கத்தில் ஒருத்திதான் கட்ட வேண்டும் என்று இருக்கிறதா என்று பூசாரியைக் கேட்டார்கள். அப்படி இல்லை, கொடியேற்றத்தன்று சொன்னவள் தலைப்பைப் பிடித்தால் மற்றவர்கள் இன்றைக்குச் சொன்னாலும் போதும், இத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள் என்று வழக்கம் போட்டவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள் என்றார் அவர்.

ஐஸ் கட்டிகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். கதவு சன்னலெல்லாம் திறந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து, மாலையின் தலைப்பு பஞ்சவர்ணம் கையில் இருக்க, பேசிக்கொண்டே கட்டினார்கள். அதுவரை ஒருத்தரிடமும் பேசாததை எல்லாம் பேசினார்கள். சாமி கும்பிடும்போது யாரைக் கும்பிட வந்தோம் என்றே மறந்துபோனதை ஒருத்தி சொன்னாள். தும்மினால் நனைந்துவிடும் சேலையைப் பற்றி இன்னொருத்தி சொன்னாள். வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பஞ்சவர்ணத்துக்குத் தொப்புளுக்குப் பின்னால் அந்த முதல் பொறி தெரிந்தது. பல்லைக் கடிக்கப் போனவள், டாக்டரம்மா சொன்னதை நினைத்துக்கொண்டு, கையைத் தூக்கினாள்.

"வருது."

ஒச்சம்மாள் மாலையை வாங்கிக்கொண்டாள். பஞ்சவர்ணம் எழுந்து நிதானமாக நடந்து, கோயில் குளத்து வேப்பமரத்தடிக்குப் போனாள். பூ வைத்திருந்த பெண்கள் கொஞ்சம் பேர் துணைக்குப் போனார்கள். அங்கே சூடு ஏறி, அவர்கள் தலையிலிருந்த மொட்டெல்லாம் விரிந்து, ஆளுக்கொரு விசிறலாக விசிறி, சூடு இறங்கியதும் திரும்பி வந்தாள். மண்டபத்தில் மாலை மொட்டாகவே இருந்தது. அதன்பிறகு இரண்டொரு தடவை வருது என்றாள், நடந்தாள், வந்தாள். வேப்பமரத்தில் அன்றைக்கு ஒரேயடியாகப் பூ வெடித்ததைப் பற்றி ஒருவருக்கும் புகார் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாலை முடிந்தது. தவசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முழமாகத் தடவிப் பார்த்தார். ஒரு மொட்டும் விரிந்திருக்கவில்லை. நிமிர்ந்தவர் பஞ்சவர்ணத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, ரெத்தினத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

பஞ்சவர்ணம் குளித்து, தலையில் ஒரு முழம் மொட்டு வைத்துக்கொண்டு, கருவறை வாசல்வரை போய், தன் கையால் மாலையை நீட்டினாள். பூசாரி வாங்கி நாச்சியம்மன் தோளில் சாத்தினார். தள்ளி உட்கார்ந்த அத்தனை நாட்களும் அந்த இடத்தில் வந்து கழிந்தது போல அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. சந்தோஷமாக இருந்தது, வெறும் சந்தோஷம்.

மணி அடித்தார்கள். வழக்கமாக மாலை விரிய நேரமாகும், சனம் வேர்க்கடலை தின்றுகொண்டு காத்திருக்கும். அன்றைக்கு மணிச் சத்தம் அடங்குவதற்குள் மாலை அசைந்தது. அடிவயிற்றுப் பக்கத்து மொட்டு முதலில் விரிந்தது. பிறகு இடுப்பு, பிறகு மார்பு, பிறகு கழுத்தைச் சுற்றி வளைத்து, காதோரப் பூவில் ஏறி, கிரீடத்தில் சுற்றியிருந்த சரத்தில் போய் நின்றது. கூட்டம் திரும்பிப் பஞ்சவர்ணத்தைப் பார்த்தது. தவசி, போச்சு, இவளுக்கு வந்துவிட்டது என்று விரலை நீட்டிவிட்டார்.

பஞ்சவர்ணத்தின் உடம்பு குளத்துத் தண்ணீர் மாதிரி குளுமையாக இருந்தது. அவள் திரும்பி, தலையைக் காட்டினாள். அவள் கொண்டையிலிருந்த மொட்டெல்லாம் மூடியே இருந்தன.

அப்போதுதான் பூசாரி தீபத்தை உயர்த்திப் பார்த்தார். நாச்சியம்மனின் கருங்கல் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. மூக்குத்தி ஓரமாக ஒரு துளி வழிந்தது. எத்தனையோ தலைமுறையாக ஆத்தா, ஆத்தா என்று கூப்பிட்ட ஊர், ஆத்தாளுக்கு என்ன வயசிருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்தடவை யோசித்தது. பூசாரி தீபத்தைப் பிடித்துக்கொண்டு, இதற்கு என்ன மந்திரம் என்று கேட்கிறவரைப் போல நின்றார்.

பஞ்சவர்ணம் வாசல்படியைத் தாண்டி உள்ளே போனாள். எந்தப் பெண்ணும் தாண்டாத படி அது. ஒருவரும் தடுக்கவில்லை. தீபத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள் அண்ணே, வெக்கையாக இருக்கும் என்றாள். இடுப்பில் செருகியிருந்த ஓலை விசிறியை எடுத்தாள், முந்தானையால் அம்மன் நெற்றியை ஒற்றிவிட்டாள், காதருகே குனிந்து விசிற ஆரம்பித்தாள்.

"பயப்படாத ஆத்தா, நோய் இல்லையாம். கஷ்டமில்லைன்னும் யாரும் சொல்லலை. நாளையிலேர்ந்து கேப்பைக் கூழும் எள்ளுருண்டையும் கொண்டாரச் சொல்றேன். தேரைக் காலையில இழுக்கச் சொல்றேன், காத்தாட ஒரு நடை போன மாதிரி இருக்கும். இனிமே வந்துச்சுன்னா அடக்காத. வருதுன்னு சொல்லிரு, நாங்க இருக்கோம்."

வெளியே, கூட்டத்தின் கடைசி வரிசையில், அதுவரை வாய் திறக்காத எவளோ ஒருத்தி, வருது என்றாள். விசிறியோடு நாலு பேர் அவள் பக்கம் போனார்கள்.